வாசலிலேயே வசையா?

1999-ம் ஆண்டு ஏப்ரல் 17-ந் தேதி. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் ஒரு பெரிய அரங்கு. மேடையில் விளக்குகள் ஜெகஜ்ஜோதியாக எரிந்து கொண்டிருந்தன.

ஒலிபெருக்கியில் ஒரு பெயர் படிக்கப்பட்டது: டோனோவன் மெக்னாப்.

22 வயது வாலிபர் ஒருவர் மேடைக்கு வந்தார். கல்லூரி மைதானத்தில் பந்து ஆடிய ஆயிரக்கணக்கான இளைஞர்களில், இரண்டாவது ஆளாகப் பொறுக்கி எடுக்கப்பட்டவர் அவர். லட்சக்கணக்கான வாலிபர்கள் ஏங்கும் பெருமை அது.

அப்போது அரங்கின் ஒரு பக்கத்தில் இருந்து பெரும் சத்தம் கிளம்பியது. அது கைதட்டல் அல்ல, வாழ்த்தும் அல்ல. "ஊ... ஊ..." என்ற ஊளை!

ஊளையிட்டவர்கள் யார்? எதிர் அணியின் ஆட்களா? இல்லை. அந்த வாலிபர் எந்த அணிக்காக ஆடப் போகிறாரோ, அதே அணியின் ரசிகர்கள்தான் ஊளையிட்டார்கள்!

அவர் இன்னும் ஒரு ஆட்டம் கூட ஆடவில்லை. ஒரு தடவை கூடப் பந்தைத் தவற விடவில்லை. அதற்குள் தீர்ப்பு வந்துவிட்டது.

இது சரியா?

கல்யாணத்துக்கு நாள் குறித்தாகி விட்டது. புது மருமகள் வாசலுக்கு வந்து நிற்கிறாள். ஆரத்தி எடுக்க வேண்டிய நேரம். அந்த நேரத்தில் வீட்டுக்காரர்களே, "இவளா? எங்களுக்கு வேறு பெண் அல்லவா வேண்டும்!" என்று கத்தினால் அந்தப் பெண்ணின் மனம் என்ன பாடுபடும்? அன்று நியூயார்க்கில் நடந்தது ஏறக்குறைய அதுதான்.

கையால் ஆடும் கால்பந்து

இந்தக் கதை புரிய வேண்டும் என்றால், அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் தெரிந்து கொள்ள வேண்டும்.

அமெரிக்கர்கள் "புட்பால்" என்று சொல்வது, உலகம் முழுவதும் காலால் உதைத்து ஆடும் பந்தாட்டம் அல்ல. அவர்கள் பந்து இரு முனையும் கூர்மையாக, முட்டை வடிவத்தில் இருக்கும். அதைக் காலால் உதைப்பது குறைவு. கையில் பிடித்துக் கொண்டு ஓடுவதும், தூரத்தில் இருக்கும் கூட்டாளிக்கு வீசுவதும்தான் அதிகம். எதிரிகள் ஓடி வந்து கட்டிப் பிடித்துக் கீழே தள்ளுவார்கள். மோதல் பலமாக இருக்கும். தலையில் இரும்புத் தொப்பி போன்ற கவசம் போட்டுக் கொண்டுதான் ஆடுவார்கள்.

பந்து வீசும் பொறுப்பு ஒருவருடையது. அவருக்கு "குவார்ட்டர்பேக்" என்று பெயர். தேருக்குச் சாரதி எப்படியோ, அணிக்கு அவர் அப்படி. பந்தைக் கையில் வாங்கி, கூட்டத்தைப் பிளந்து கொண்டு ஓடுகிறவர் இன்னொருவர். அவருக்கு "ரன்னிங் பேக்" என்று பெயர்.

இந்த ஆட்டத்தை நடத்தும் பெரிய அமைப்பு தேசிய கால்பந்து லீக். அதில் இப்போது 32 அணிகள் இருக்கின்றன. ஒவ்வொரு அணிக்கும் ஓர் ஊர் உண்டு. பிலடெல்பியா நகரத்தின் அணிக்கு "ஈகிள்ஸ்" என்று பெயர். அதாவது கழுகுகள். மெக்னாப்பை எடுத்தது இந்த அணிதான்.

ஏழைக்கு முதல் பந்தி

கல்லூரியில் நன்றாக ஆடும் இளைஞர்களை இந்த 32 அணிகளும் எப்படிப் பங்கு போட்டுக் கொள்கின்றன? அதற்குத்தான் ஆண்டுதோறும் தேர்வு விழா நடக்கிறது. "டிராப்ட்" என்று அதைச் சொல்வார்கள்.

இந்த முறைக்கு மூலகாரணமே பிலடெல்பியாதான்! 1930-களில் பெர்ட் பெல் என்பவர் ஈகிள்ஸ் அணியின் சொந்தக்காரராக இருந்தார். 1935-ல் அவருடைய அணி 11 ஆட்டங்கள் ஆடியது. ஜெயித்தது இரண்டே இரண்டு. காரணம் என்ன? நல்ல ஆட்டக்காரர்கள் எல்லாம் பணமும் புகழும் உள்ள அணிகளுக்கே போய்ச் சேர்ந்தார்கள். வசதி உள்ளவன் ஜெயித்துக் கொண்டே இருந்தான். இல்லாதவன் தோற்றுக் கொண்டே இருந்தான்.

பெல் ஒரு யோசனை சொன்னார். "கடைசியில் நிற்கும் அணிக்கு முதல் வாய்ப்பு. முதலில் நிற்கும் அணிக்குக் கடைசி வாய்ப்பு." இதுதான் அந்த யோசனையின் சாரம். மற்றவர்களும் ஒப்புக் கொண்டார்கள். 1936-ம் ஆண்டு பிப்ரவரி மாதம் பிலடெல்பியாவில் ஒரு ஓட்டலில் முதல் தேர்வு நடந்தது. அப்போது அணிகள் மொத்தமே ஒன்பதுதான். கரும்பலகையில் 90 பெயர்களை எழுதிப் போட்டு, அதில் இருந்து ஆள் எடுத்தார்கள்.

முதல் வாய்ப்பு ஈகிள்ஸ் அணிக்கே கிடைத்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் புகழ் பெற்ற ஆட்டக்காரர் ஜே பெர்வாங்கரை அது எடுத்தது. பிறகு அவரைச் சேர்க்கும் உரிமையைச் சிகாகோ அணிக்கு மாற்றிக் கொடுத்தது. ஆனால் அவரோ, லீக் ஆட்டம் ஒன்று கூட ஆடவில்லை! தொழிலில் இறங்கி விட்டார். முதல் தேர்வின் முதல் பெயரே இப்படிப் போயிற்று. ஆள் எடுப்பது எவ்வளவு கஷ்டமான காரியம் என்பதற்கு அன்றே சாட்சி கிடைத்து விட்டது.

பெல்லின் யோசனை இன்று வரை நிலைத்து நிற்கிறது. ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் கடைசியில் மூன்று நாட்கள், ஏழு சுற்றுக்களாகத் தேர்வு நடக்கிறது. சுமார் 250 பேர் எடுக்கப்படுகிறார்கள். எந்த ஊருக்குப் போவது என்பது ஆட்டக்காரர் கையில் இல்லை. எந்த அணி பெயரைப் படிக்கிறதோ, அங்கேதான் போக வேண்டும். பெண் பார்க்கும் படலம் உண்டு. ஆனால் பெண்ணைச் சம்மதம் கேட்கும் வழக்கம் கிடையாது!

கட்சி கட்டும் ஊர்

தேர்வு நெருங்க நெருங்க, ஊரில் பேச்சு சூடு பிடிக்கும். டீக்கடை என்ன, சலூன் என்ன, ஆலை வாசல் என்ன, எங்கும் இதே விவாதம்தான்.

"நமக்குச் சாரதி வேண்டும்!"

"சாரதி இருக்கட்டும். காவல் காக்க ஆள் வேண்டாமா?"

"போன வருஷம் எடுத்தவனே சரியில்லை. இந்த வருஷம் மட்டும் என்ன கிழித்துவிடப் போகிறார்கள்?"

அப்பா ஒரு கட்சி. பிள்ளை இன்னொரு கட்சி. அண்ணனும் தம்பியும் சாப்பாட்டு மேஜையில் கூட விட்டுக் கொடுக்க மாட்டார்கள்.

இதில் தப்பு ஒன்றும் இல்லை. இன்னும் சொன்னால், இது நல்லதே. ரசிகன்தான் சீட்டு வாங்கி மைதானத்துக்குப் போகிறான். கொட்டும் பனியில் நின்று தொண்டை கிழியக் கத்துகிறான். அணி தோற்றால் அன்று இரவு அவனுக்குச் சாப்பாடு இறங்குவதில்லை. அப்படிப்பட்டவனுக்கு அபிப்பிராயம் சொல்ல உரிமை இல்லையா? நிச்சயம் உண்டு.

மேலும், தோற்றுப் போன ஊருக்கு இந்தத் தேர்வு ஒரு திருநாள். போன வருஷத்துத் துக்கத்தை மறந்து, வரும் வருஷத்தை நம்பிக்கையோடு பார்க்கும் நாள் அது. 2017-ல் இந்த விழா பிலடெல்பியாவிலேயே திறந்த வெளியில் நடந்தது. மூன்று நாட்களில் சுமார் இரண்டரை லட்சம் பேர் வந்தார்கள். அங்கே ஆட்டம் எதுவும் நடக்கவில்லை. பெயர் படிப்பதைக் கேட்பதற்கு அவ்வளவு கூட்டம்!

ஆகவே, விவாதம் வேண்டும். அது வேறு, ஆடாத பிள்ளைக்குத் தண்டனை கொடுப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு இருக்கிறது. 1999-ல் பிலடெல்பியா ரசிகர்கள் அந்தக் கோட்டைத் தாண்டினார்கள்.

ரிக்கியா, மெக்னாப்பா?

1998-ல் ஈகிள்ஸ் அணியின் நிலை பரிதாபம். 16 ஆட்டங்களில் 13 தோல்வி. ஜெயித்தது மூன்றுதான். அதனால் அடுத்த தேர்வில் இரண்டாவது வாய்ப்பு அதற்குக் கிடைத்தது.

ஊர் முழுவதும் ஒரே பெயர்தான் ஒலித்தது: ரிக்கி வில்லியம்ஸ்! டெக்சாஸ் பல்கலைக்கழகத்து வாலிபர். பந்தைக் கையில் எடுத்துக் கொண்டு ஓடுவதில் சூரர். கல்லூரி ஆட்டத்தில் அதுவரை யாரும் ஓடாத அளவு, 6,279 கெஜம் ஓடிச் சாதனை செய்தவர். கல்லூரி ஆட்டக்காரருக்குக் கிடைக்கும் மிகப் பெரிய பரிசான ஹைஸ்மன் கோப்பையையும் அந்த ஆண்டு வாங்கியவர். அப்போது பிலடெல்பியாவின் மேயராக இருந்த எட் ரெண்டல் கூட ரிக்கி கட்சிதான்.

உள்ளூர் வானொலி நிலையம் ஒன்று பஸ் ஏற்பாடு செய்தது. சுமார் 30 ரசிகர்கள் அதில் ஏறி நியூயார்க் போனார்கள். ரிக்கியின் பெயர் வந்தால் ஆரவாரம். வேறு யார் பெயர் வந்தாலும் ஊளை என்ற முடிவோடு போனார்கள். வந்தது மெக்னாப்பின் பெயர். ஊளை கிளம்பியது. தொலைக்காட்சி அதை நாடு முழுவதும் காட்டியது.

ரசிகர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. கண்ணெதிரே சாதனை செய்தவர் நிற்கிறார். அவரை விட்டு விட்டு வேறு ஒருவரை ஏன் எடுக்க வேண்டும்?

ஆனால் அணிக்குப் புதிதாக வந்த பயிற்சியாளர் ஆண்டி ரீட் வேறு விதமாகக் கணக்குப் போட்டார். ஈகிள்ஸ் அணியில் நன்றாக ஓடக்கூடியவர் ஒருவர் ஏற்கனவே இருந்தார். ட்யூஸ் ஸ்டேலி என்பவர், முந்தைய ஆண்டில்தான் ஆயிரம் கெஜத்துக்கு மேல் ஓடியிருந்தார். இல்லாதது நல்ல சாரதி. அதோடு, பந்தோடு ஓடுகிறவர் வாங்கும் அடி கொஞ்சநஞ்சம் அல்ல. அவருடைய ஆட்ட ஆயுள் குறைவு. நல்ல குவார்ட்டர்பேக் கிடைத்தால் பத்து ஆண்டுக்கு மேல் கவலை இல்லை. வீட்டில் உரல் இருக்கும்போது இன்னொரு உரல் வாங்குவானேன்? இல்லாத அம்மியை அல்லவா வாங்க வேண்டும்?

பிறகு நடந்தது என்ன?

மெக்னாப் பிலடெல்பியாவில் 11 ஆண்டுகள் ஆடினார். முதல் ஆண்டு சுமார்தான். இரண்டாவது ஆண்டில் அணி 11 ஆட்டங்களில் ஜெயித்தது. அதன் பிறகு தொடர்ந்து நான்கு ஆண்டுகள், இறுதிப் போட்டிக்கு முந்தைய ஆட்டம் வரை அணியைக் கொண்டு போய் நிறுத்தினார். பின்னர் 2008-ம் ஆண்டுப் பருவத்திலும் அந்தக் கட்டத்தை எட்டினார். ஆக மொத்தம் ஐந்து தடவை!

2002-ம் ஆண்டு நவம்பரில் ஓர் ஆட்டம். அரிசோனா அணிக்கு எதிராக ஆடும்போது அவருடைய கணுக்கால் எலும்பு முறிந்து விட்டது. வேறு யாராக இருந்தாலும் வெளியே போயிருப்பார்கள். அவர் போகவில்லை. முறிந்த காலோடு நின்று ஆடினார். அன்று அவர் வீசிய நான்கு பந்துகள் எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளியாக மாறின. அணி ஜெயித்தது.

எந்த ரசிகர்கள் ஊளையிட்டார்களோ, அவர்கள் அணிக்காகத்தான் அந்தக் காலோடு நின்றார்!

சரி, ரிக்கி வில்லியம்ஸ் என்ன ஆனார்? நியூ ஆர்லியன்ஸ் அணி அவரைப் பெறுவதற்காக, அந்த ஆண்டுத் தேர்வில் தனக்கு இருந்த எல்லா வாய்ப்புகளையும் விட்டுக் கொடுத்தது. போதாததற்கு, அடுத்த ஆண்டின் இரண்டு வாய்ப்புகளையும் சேர்த்துக் கொடுத்தது. ஒரு காளைக்காகத் தொழுவத்தையே எழுதிக் கொடுத்த கதைதான். அந்த ஆண்டு அணி ஜெயித்தது மூன்றே ஆட்டங்கள். பயிற்சியாளரின் வேலை போயிற்று.

அதற்காக ரிக்கி மோசமான ஆட்டக்காரர் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. 2002-ல் மியாமி அணிக்கு மாறியதும் 1,853 கெஜம் ஓடினார். அந்த ஆண்டு லீக்கிலேயே அதிகம் ஓடியவர் அவர்தான். ஆள் நல்ல ஆள். ஊளையிட்டவர்கள் கண்ணும் குருட்டுக் கண் அல்ல.

அப்படியானால் குற்றம் எங்கே? ரிக்கியைப் புகழ்ந்ததில் குற்றம் இல்லை. மெக்னாப் வாசலுக்கு வந்தவுடன் வசை பாடியதில்தான் குற்றம்.

விளையும் பயிர்

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். இந்தத் தேர்வு முழுவதும் அந்தப் பழமொழியை நம்பித்தான் நடக்கிறது. வாலிபர்களின் உயரத்தை அளக்கிறார்கள். எடையைப் பார்க்கிறார்கள். 40 கெஜத்தை எத்தனை வினாடியில் ஓடுகிறார்கள் என்று கடிகாரம் வைத்துப் பார்க்கிறார்கள். கையின் நீளத்தைக் கூட விடுவதில்லை!

ஆனாலும் முளை ஏமாற்றுகிறது.

1999-ம் ஆண்டையே பார்க்கலாம். முதல் சுற்றிலேயே ஐந்து குவார்ட்டர்பேக்குகள் எடுக்கப்பட்டார்கள். முதல் இடம் டிம் கவுச். இரண்டாவது மெக்னாப். மூன்றாவது அக்கிலி ஸ்மித். கவுச் ஐந்து ஆண்டுகள்தான் நின்றார். ஸ்மித் நான்கு ஆண்டுகள். அவர்களை எடுத்தவர்கள் இதே வேலையாக இருக்கும் நிபுணர்கள். அவர்கள் கணக்கும் தவறியது.

2011-ல் ஈகிள்ஸ் அணி முதல் சுற்றில் டானி வாட்கின்ஸ் என்பவரை எடுத்தது. கனடா நாட்டுக்காரர். அப்போதே 26 வயது. முன்பு தீயணைப்புப் பணியில் இருந்தவர். மலை போன்ற ஆள்! ஆனால் எதிர்பார்த்தபடி ஆட முடியவில்லை. இரண்டே ஆண்டுகளில் அணி அவரை விட்டு விட்டது. அவர் மீண்டும் தீயணைப்பு வேலைக்கே போனார். பந்தில் தோற்ற மனிதர், எரிகிற வீட்டில் இருந்து உயிரைக் காப்பாற்றும் தொழிலுக்குப் போனார் என்றால் அது தோல்வியா?

அதே 2011-ல், அதே அணி, ஆறாவது சுற்றில் ஜேசன் கெல்சி என்பவரை எடுத்தது. அவர் 191-வது ஆள். இந்த இடத்துக்கு இவ்வளவு சிறிய உடம்பா என்ற சந்தேகத்தோடு பார்க்கப்பட்டவர். அவர் 13 பருவங்கள் அதே அணியில் ஆடினார். 2018-ம் ஆண்டு பிப்ரவரியில் ஈகிள்ஸ் முதன் முதலாக சூப்பர் பவுல் என்னும் இறுதிப் போட்டியில் ஜெயித்தது. அன்று அணியின் நடு முதுகெலும்பாக நின்றவர் கெல்சிதான். 2024-ல் அவர் ஓய்வு பெற்றபோது ஊரே கண் கலங்கியது.

முதல் சுற்று ஆள் இரண்டு ஆண்டு. ஆறாம் சுற்று ஆள் 13 ஆண்டு. இதை 2011 ஏப்ரலில் யார் சொல்லியிருக்க முடியும்?

மீண்டும் ஒரு பாடம்

2020-ல் பழைய கதை திரும்பியது. அப்போது ஈகிள்ஸ் அணியின் சாரதி கார்சன் வெண்ட்ஸ். முந்தைய ஆண்டுதான் அவருக்குக் கோடிக்கணக்கில் சம்பளம் பேசி, நீண்ட ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அப்படி இருக்கும்போது, தேர்வின் இரண்டாவது சுற்றில் 53-வது ஆளாக இன்னொரு குவார்ட்டர்பேக்கை எடுத்தது அணி. பெயர் ஜேலன் ஹர்ட்ஸ்.

ரசிகர்கள் கொதித்தார்கள். "தேரில் சாரதி இருக்கும்போது இன்னொரு சாரதி எதற்கு? பணம் தண்டம்! வாய்ப்புத் தண்டம்!"

தர்க்கப்படி பார்த்தால், 1999-ல் ஆண்டி ரீட் போட்ட கணக்கேதான் இது. இருக்கும் உரலுக்கு இன்னொரு உரல் எதற்கு என்ற கேள்விதான். ஆனால் இந்த முறை அந்தக் கணக்கு பலிக்கவில்லை! வெண்ட்ஸின் ஆட்டம் அந்த ஆண்டிலேயே தளர்ந்தது. டிசம்பரில் அவர் இடத்துக்கு ஹர்ட்ஸ் வந்தார். அடுத்த ஆண்டு வெண்ட்ஸ் வேறு அணிக்குப் போனார்.

ஹர்ட்ஸ் பொறுமைக்குப் பேர் போனவர். கல்லூரியில் ஆடியபோது, 2018 ஜனவரியில் நடந்த தேசிய இறுதி ஆட்டத்தின் நடுவிலேயே அவரை வெளியே உட்கார வைத்து, வேறு ஒருவரை ஆட விட்டார்கள். அவர் முகம் சுளிக்கவில்லை. இடத்தில் ஆடியவர் ஜெயித்தபோது கூடவே கொண்டாடினார். அந்தப் பொறுமை வீண் போகவில்லை.

2025-ம் ஆண்டு பிப்ரவரி 9-ந் தேதி சூப்பர் பவுல். ஈகிள்ஸ் அணியை எதிர்த்து நின்றது கான்சாஸ் சிட்டி. அதன் பயிற்சியாளர் யார் தெரியுமா? முன்பு மெக்னாப்பைத் தேர்ந்தெடுத்த அதே ஆண்டி ரீட்! ஈகிள்ஸ் 40-க்கு 22 என்று ஜெயித்தது. அன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்ற விருது ஹர்ட்ஸுக்குக் கிடைத்தது.

2020-ல் தலையில் அடித்துக் கொண்டவர்கள், 2025-ல் தெருவில் இறங்கி ஆடிப்பாடினார்கள். எந்தக் கணக்கு பலிக்கும், எது பலிக்காது என்று தேர்வு நாளில் யாருக்கும் தெரிவதில்லை. பொறுக்கி எடுத்தவருக்கும் தெரியாது, திட்டுகிறவருக்கும் தெரியாது.

"சம்பளம் வாங்கவில்லையா?"

இதற்குச் சிலர் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "கோடி கோடியாகச் சம்பளம் வாங்குகிறார்கள். இரண்டு வார்த்தை திட்டினால் தாங்கக் கூடாதா?" என்று கேட்கிறார்கள்.

ஆட்டத்தில் தவறு செய்தால் திட்டட்டும். சம்பளம் வாங்குகிறவர் அதைத் தாங்கத்தான் வேண்டும். 2005 பிப்ரவரியில் மெக்னாப் சூப்பர் பவுல் வரை போனார். நியூ இங்கிலாந்து அணியிடம் 24-க்கு 21 என்று தோற்றார். அன்று அவர் வீசிய மூன்று பந்துகளை எதிரிகள் பிடித்து விட்டார்கள். "ஏன் அப்படி வீசினார்?" என்று பிலடெல்பியாவில் கேட்டார்கள். கேட்கலாம். அது அவர் செய்த காரியம்.

ஆனால் 1999 ஏப்ரலில் அவர் செய்த குற்றம் என்ன? அவர் பெயர் ரிக்கி இல்லை என்பதுதான்! தன்னை எடுக்கச் சொல்லி அவர் அந்த அணியிடம் போய் நிற்கவில்லை. எடுத்தது அணி. கோபம் இருந்தால் அணியிடம் காட்ட வேண்டும். மாமியார் மேல் உள்ள கோபத்தை மருமகள் மேல் காட்டுவது எந்த ஊர் நியாயம்?

வாசலில் பட்ட அடி லேசில் ஆறாது. பல ஆண்டுகள் கழித்தும் மெக்னாப் அந்த ஊளையைப் பற்றிப் பேட்டிகளில் பேசியிருக்கிறார். அவ்வளவு ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தும், அவருக்கும் ஊருக்கும் நடுவே ஒரு கசப்பு இருந்து கொண்டே இருந்தது. முதல் நாள் விழுந்த கீறல் அது.

இதில் ரசிகர்களை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை. பத்திரிகைகளுக்கும் தொலைக்காட்சிக்கும் பெரிய பங்கு உண்டு. தேர்வு முடிந்த மறு நாளே, "இந்த அணிக்கு முதல் வகுப்பு, அந்த அணி பெயில்" என்று மார்க் போட்டு விடுகிறார்கள். பரீட்சை எழுதும் முன்பே மார்க்! நாற்று நட்ட மறு நாளே வயலில் இறங்கி நெல்லை அளப்பவன் உண்டா? மரக்கால் எடுத்துக் கொண்டு கிளம்புகிறார்கள் இவர்கள்.

மூன்று அறுவடை பொறுக்கலாம்

அப்படியானால் ரசிகன் வாயை மூடிக் கொண்டிருக்க வேண்டுமா? வேண்டாம். வாயைத் திறந்தே இருக்கட்டும். தேர்வுக்கு முன்னால் நன்றாக வாதாடட்டும். "இவர் வேண்டும், அவர் வேண்டாம்" என்று அடித்துப் பேசட்டும். அணி தப்புக் கணக்குப் போட்டால் அணியைக் கேட்கட்டும்.

ஆனால் பெயர் படித்து முடிந்து விட்டால், மேடைக்கு வருகிறவன் தன் வீட்டுப் பிள்ளை. அவனுக்கு ஒரு கைதட்டல் கொடுக்க வேண்டும். பிறகு மூன்று ஆண்டு பொறுத்துப் பார்க்கட்டும். புதுப் பையன் பெரிய ஆட்டத்தின் வேகத்துக்குப் பழக ஓர் ஆண்டு. தவறு செய்து திருந்த ஓர் ஆண்டு. திறமையைக் காட்ட ஓர் ஆண்டு. அதன் பிறகு சொல்லும் தீர்ப்புக்கு மதிப்பு உண்டு. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது பந்தாட்டத்துக்கும் பொருந்தும்.

பிலடெல்பியா இந்தப் பாடத்தைத் தாமதமாகவாவது படித்தது. 2013-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் ஓர் இரவு. ஈகிள்ஸ் மைதானம் நிரம்பி வழிந்தது. மெக்னாப் அணிந்திருந்த 5-ம் எண் சட்டையை இனி வேறு யாருக்கும் தருவதில்லை என்று அணி முடிவு செய்து, அன்று அவரை அழைத்துக் கவுரவித்தது. எதிர் அணியின் பயிற்சியாளராக அதே மைதானத்தில் இருந்தவர் ஆண்டி ரீட்.

மெக்னாப் மைதானத்துக்குள் வந்தபோது ஊளை கேட்கவில்லை. வாழ்த்தொலி எழுந்தது. 22 வயதில் வாசலில் கிடைக்க வேண்டிய ஆரத்தி, 36 வயதில் கிடைத்தது.

ஒவ்வொரு ஏப்ரலிலும் புதிய பெயர்கள் படிக்கப்படும். புதிய பிள்ளைகள் மேடைக்கு வருவார்கள். அவர்களில் யார் மெக்னாப், யார் கெல்சி, யார் வாட்கின்ஸ் என்று அன்று யாருக்கும் தெரியாது. கையைத் தட்டுவதற்கு அது தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.